இயல்பான ஆங்கிலமும் இழப்புக்குள்ளாகும் அரசியலும்: பிரெஞ்சு அரசியல் தொடர்களின் மொழிபெயர்ப்பு குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு அரசியல் தொடர்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, பெயர்ப்பு இயல்பான ஆங்கிலமாக ஒலிக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இவ்வளவுகோல் எல்லாவகைத் தொடர்களுக்கும் ஒரே நிலையில் பொருந்துவதில்லை. உருவகத் தொடர்களில் பயன்தரும் இயல்பாக்கம், ஆட்சிமுறைக் கருத்துகளிலும் வசைச்சொற்களிலும் ஈரடிப் பொருள் கொண்ட கூற்றுகளிலும் அரசியல் பொருளையே மாற்றிவிடுகிறது. இதனைத் தேர்ந்தெடுத்த சான்றுகளின்வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மொழிபெயர்ப்பியல், பிரெஞ்சு அரசியல் மொழி, இயல்பாக்கம், நிகரன், ஈரடிப் பொருள்

முன்னுரை

மொழிபெயர்ப்பியல் வரலாற்றில் பிரெஞ்சு – ஆங்கில இணைக்குத் தனியிடம் உண்டு. வினே, தார்பெல்னே ஆகியோர் 1958இல் வெளியிட்ட ஒப்பீட்டு நடையியல் நூல் இவ்விரு மொழிகளையே தளமாகக் கொண்டு ஏழு மொழிபெயர்ப்பு உத்திகளை வகுத்தது. மூலத்தின் சொற்களை விட்டு, அதே சூழலில் பெயர்ப்பு மொழியினர் வழங்கும் தொடரை எடுத்தாளும் ‘நிகரன்’ என்னும் உத்தி அவற்றுள் ஒன்று. யூஜின் நைடா 1964இல் முன்வைத்த இயங்குநிலை நிகர்மை, வாசகரிடம் விளையும் இயல்பான எதிர்வினையை முதன்மைப்படுத்தியது. லாரன்ஸ் வெனூட்டி 1995இல் இதற்கு மாறான கருத்தை வலியுறுத்தினார். சரளமான பெயர்ப்பு மொழிபெயர்ப்பாளரையும் மூலப் பண்பாட்டின் வேற்றுமையையும் ஒருசேர மறைக்கிறது என்பது அவர் வாதம்.

இவ்விரு நிலைப்பாடுகளும் பெயர்ப்பு முழுமைக்குமான பொதுநெறியாகவே பெரும்பாலும் விவாதிக்கப்படுகின்றன. அரசியல் மொழியைப் பொறுத்தவரை கேள்வியைத் தொடரின் வகையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். ஒரே உரையில் ஒரு தொடர் இயல்பாக்கத்தை வேண்டும். அடுத்த தொடர் அதனை மறுக்கும்.

1. உருவகத் தொடர்கள்

அரசியல்வாதியின் வெற்றுச் சொற்களைப் பிரெஞ்சுக்காரர் ‘லாங் து புவா’ என்பர். சொல்லுக்குச் சொல் ‘மரமொழி’. இதனை ஆங்கிலத்தில் அவ்வாறே பெயர்த்தால் வாசகருக்குப் பொருள் விளங்காது. மழுப்பலான பேச்சைக் குறிக்கும் ஆங்கில வழக்கே தேவை. ‘எத்தா து கிராஸ்’ என்பது புதிய தலைவர் மக்களின் நல்லெண்ணத்தில் திளைக்கும் தொடக்கக் காலம். ‘ஹனிமூன் பீரியட்’ அதற்குப் போதிய நிகரன். கட்சி மாறுவதைக் குறிக்கும் ‘ரெத்தூர்னே சா வெஸ்த்’ (தன் சட்டையைத் திருப்பிப் போடுதல்) என்பதற்கு ஆங்கிலத்தின் ‘டர்ன்கோட்’ உருவகத்திலும் ஒத்துவருகிறது. இத்தகைய இடங்களில் சொல்லைப் பற்றிக்கொள்வது மூலத்திற்குக் காட்டும் நேர்மையாகாது.

எனினும் இவ்வகையிலும் எல்லை உண்டு. வசதியான வாழ்வில் திளைக்கும் இடதுசாரியை எள்ளும் ‘கோஷ் கவியார்’ (கவியார் இடதுசாரி) என்பதற்குப் பிரித்தானிய வழக்கின் ‘ஷாம்பெயின் சோஷலிஸ்ட்’ பொருந்துகிறது. அமெரிக்க வழக்கின் ‘லிமோசின் லிபரல்’ எள்ளலை மட்டும் காத்து, அரசியலைத் தவறவிடுகிறது. பிரான்சில் ‘லிபரால்’ எனப்படுபவர் பெரும்பாலும் தடையற்ற சந்தையை ஆதரிப்பவர். அமெரிக்கச் சொல்லோ இடதுசாரிச் சாய்வுடையவரைச் சுட்டுவது. இரு நாட்டு அரசியலையும் ஒருங்கே பேசும் கட்டுரையில் இந்நிகரன் நேர்மாறான பொருளைத் தரக்கூடும்.

உயர் அரசு அலுவலர் தனியார் நிறுவனத்திற்குப் பெயர்வதைக் குறிக்கும் ‘பாந்தூஃப்ளாஜ்’ மற்றொரு சான்று. ‘பாந்தூஃப்ல்’ என்றால் வீட்டில் அணியும் மென்காலணி. ஆங்கிலத்தில் வழக்கமாக இடப்படும் ‘ரிவால்விங் டோர்’ (சுழற்கதவு) போவதையும் வருவதையும் ஒருங்கே குறிக்கும். பிரெஞ்சுச் சொல்லின் அடிப்படைப் பொருளோ அரசிலிருந்து வெளியேறும் ஒருவழிப் பயணம். திரும்பி வருவதைச் சுட்ட முன்னொட்டுச் சேர்த்து வேறு சொல் ஆக்கப்பட்டுள்ளது. சுழற்கதவு என்னும் இயல்பான தொடர், மூலம் சுமத்தாத குற்றச்சாட்டையும் சேர்த்துச் சுமத்துகிறது.

2. ஆட்சிமுறைக் கருத்துகள்

குடியரசுத் தலைவர் ஒரு முகாமையும், நாடாளுமன்றப் பெரும்பான்மையும் பிரதமரும் எதிர்முகாமையும் சேர்ந்திருக்கும் நிலை பிரான்சில் ‘கோஅபித்தாசியோன்’ எனப்படுகிறது. மித்தரான் – சிராக் (1986–88), மித்தரான் – பலாதூர் (1993–95), சிராக் – ஜோஸ்பேன் (1997–2002) ஆகிய ஆட்சிக்காலங்கள் இதற்குச் சான்று. அமெரிக்க வாசகருக்கு இயல்பாக ஒலிப்பது ‘டிவைடட் கவர்ன்மென்ட்’ (பிளவுண்ட அரசு). அமெரிக்காவில் பிளவு அதிபருக்கும் சட்டமன்றத்திற்கும் இடையிலானது. பிரான்சில் பிளவு செயலாட்சித் துறைக்கு உள்ளேயே நிகழ்கிறது. ஒரே அமைச்சரவை மேசையில் எதிரிகள் இருவர் அமர்கின்றனர். சேர்ந்து குடியிருத்தல் என்னும் மூல உருவகம் உணர்த்துவது இதனையே. பிரெஞ்சுச் சொல்லையே எடுத்தாண்டு ஒரு வரி விளக்கம் தருவதே இங்குத் துல்லியமான பெயர்ப்பு.

இதனினும் ஆழமான சிக்கல் ‘லாயிசித்தே’ என்னும் கருத்தில் உள்ளது. திருச்சபைகளையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் அதன் அடித்தளமாகக் கருதப்படுகிறது. ஆயினும் அச்சட்டத்தின் வாசகத்தில் அச்சொல் இடம்பெறவில்லை. 1958ஆம் ஆண்டு அரசமைப்பின் முதற்கூறு குடியரசை அப்பண்பின் பெயரடையால் விளக்குகிறது. ஆங்கிலத்தில் இதற்கு இடப்படும் ‘செக்யுலரிசம்’, 1851இல் ஜார்ஜ் ஹோலியோக் உருவாக்கிய சொல். ஆங்கிலத் திருச்சபை அரசுத் திருச்சபையாக நீடிக்கும் இங்கிலாந்தின் வாசகருக்கு அச்சொல் பெரும்பாலும் சமயங்களிடையே அரசு காட்டும் நடுநிலையை உணர்த்தும். பிரெஞ்சுக் கருத்திலோ நடுநிலையோடு, பொது நிறுவனங்களைச் சமய அடையாளத்திலிருந்து விலக்கும் கடப்பாடும் பலரால் உள்ளடக்கப்படுகிறது.

அரசுப் பள்ளிகளில் மாணவர் சமயச் சார்பை வெளிப்படையாகக் காட்டும் அடையாளங்களை அணிவதைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்குக் கருதலாம். அச்சட்டத்தை ஆதரித்தோர் அதனை லாயிசித்தேயின் செயலாக்கம் என்றனர். ‘செக்யுலரிசம்’ என்னும் சொல்வழி வாதத்தைப் பின்தொடரும் ஆங்கில வாசகருக்கு அச்சட்டம் அக்கொள்கையின் மீறலாகத் தோன்றக்கூடும். சட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். பிரான்சிலேயே அக்கருத்தின் எல்லை குறித்துக் கடும் கருத்துவேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை வாசகர் அறியும் முன்னரே பெயர்ப்புச் சொல் தீர்ப்பு வழங்கிவிடுவதே இங்குச் சிக்கல்.

3. வசைச்சொற்கள்

2022 சனவரியில் வெளியான நாளிதழ் நேர்காணல் ஒன்றில், தடுப்பூசி செலுத்திக்கொள்ளாதோரைக் குறித்து இமானுவேல் மக்ரோன் ‘ஆன்மெர்தே’ என்னும் வினையைக் கையாண்டார். மலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த இவ்வினை, பேச்சு வழக்கில் ‘தொல்லை கொடுத்தல்’, ‘எரிச்சலூட்டுதல்’ என்னும் பொருள்களில் வழங்குகிறது. ஆங்கில ஊடகங்கள் பல இதனை ‘பிஸ் ஆஃப்’ எனப் பெயர்த்தன. கொச்சைத்தன்மையில் இஃது ஏறத்தாழ நிகரானது, ஒலிப்பிலும் இயல்பானது. ஆனால் அது குறிப்பது எதிராளியிடம் எழும் சினத்தை. மக்ரோனின் பேச்சுச் சூழலில் அவ்வினை குறித்ததோ நடைமுறைத் தொல்லையை: தடுப்பூசிச் சான்று இல்லாதோர் உணவகத்திற்கும் திரையரங்கிற்கும் செல்ல இயலாதவாறு செய்தல். அதற்கான சட்டமுன்வரைவு அப்போது நாடாளுமன்ற விவாதத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு கொள்கை, ஓர் உணர்ச்சியாகச் சுருங்கியது. தொல்லையைச் சரியாகக் குறிக்கும் ‘ஹாசில்’ என்னும் சொல்லோ, நாட்டின் தலைவர் கொச்சையாகப் பேசினார் என்னும் செய்தியை மறைத்துவிடும்.

மேலும், பிரெஞ்சு மக்களை இவ்வாறு தொல்லைப்படுத்துவதை நிறுத்துங்கள் என 1966இல் ஜார்ஜ் பொம்பிதூ சொன்னதாக வழங்கும் கூற்றிலும் இதே வினை உண்டு. மக்ரோன் அக்கூற்றைத் தலைகீழாக்கியதைப் பிரெஞ்சு வாசகர் உணர முடிந்தது. அவ்வெதிரொலி எந்த ஆங்கிலச் சொல்லிலும் இல்லை; விளக்கக் குறிப்பால் மட்டுமே மீட்கத்தக்கது.

உள்துறை அமைச்சராக இருந்த நிக்கோலா சர்க்கோசி 2005 அக்டோபர் 25 அன்று ஆர்ழாந்தேயில் சொன்ன ‘ரகாய்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ‘ஸ்கம்’ (கழிவு நுரை போன்ற இழிந்தோர்) என்றும் ‘ராபிள்’ (கும்பல்) என்றும் அது பெயர்க்கப்பட்டது. முதலாவது கடுமையைக் கூட்டுகிறது; இரண்டாவது பழைய நடையின் வாடையால் கடுமையைக் குறைக்கிறது. இரு நாள்களுக்குப் பின் கிளிஷி-சூ-புவாவில் இரு சிறுவர்களின் இறப்பைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. அமைச்சரின் சொல்லுக்கும் கலவரச் சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆங்கில வாசகர் எடைபோடும்போது, மொழிபெயர்ப்பாளரின் தேர்வும் தராசில் ஏறிவிடுகிறது.

4. ஈரடிப் பொருள் கொண்ட கூற்றுகள்

1958 சூன் 4 அன்று அல்ஜியர்சில் திரண்ட கூட்டத்தின்முன் ஷார்ல் தெ கோல் கூறிய ‘ஜ வூ ஸே கோம்ப்ரி’ புகழ்பெற்ற கூற்று. ‘உங்களைப் புரிந்துகொண்டேன்’ என்பது அதன் பொருள். அல்ஜீரியா பிரான்சுடனேயே நீடிக்க வேண்டுமென விரும்பிய ஐரோப்பியக் குடியேறிகள் அதனைத் தமக்கான உறுதிமொழியாகக் கொண்டனர். 1962இல் எவியான் ஒப்பந்தமும் அல்ஜீரிய விடுதலையும் நிகழ்ந்தபோது, அதே கூற்று ஏமாற்றுதலின் சின்னமாயிற்று. கூற்றில் உறுதிமொழி எதுவும் இல்லை. யாரை, எதனைப் புரிந்துகொண்டார் என்பது சொல்லப்படாமல் விடப்பட்டதே அதன் ஆற்றல்.

ஆங்கிலத்தில் இதனை நிகழ்காலத்தில் பெயர்ப்பதும் உண்டு. பேச்சில் அதுவே இயல்பாக ஒலிக்கும். ஆனால் நிகழ்கால வடிவம் பரிவையும் உடன்பாட்டையும் நோக்கிச் சாய்கிறது. முடிவுற்ற வினைவடிவம் ‘கேட்டாயிற்று, அறிந்தாயிற்று’ என்ற அளவில் நின்றுவிடுவது. விறைப்பாக ஒலித்தாலும் முடிவுற்ற வடிவமே பேச்சாளர் மூடாமல் விட்ட கதவைத் திறந்தபடி வைக்கிறது. ஈரடிப் பொருளைத் தெளிவாக்கும் மொழிபெயர்ப்பாளர், பேச்சாளர் அளிக்காத வாக்கை அவருக்காகத் தாமே அளிக்கிறார்.

5. தமிழ்ப் பெயர்ப்புக்கான படிப்பினை

பிரெஞ்சு அரசியல் செய்திகள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலவழியே வருகின்றன. எனவே இவ்விவாதம் தமிழுக்குப் புறம்பானதன்று. ‘செக்யுலரிசம்’ வழியாக லாயிசித்தே ‘மதச்சார்பின்மை’ ஆகும்போது, எல்லாச் சமயங்களையும் சமமாக நடத்துதல் என்னும் இந்தியப் பொருளும் உடன்சேர்கிறது. பிரெஞ்சுக் கருத்து இரண்டு முறை இடம்பெயர்ந்துவிடுகிறது. மாறாக, தெ கோலின் கூற்றை நேரடியாகப் பெயர்த்தால் தமிழ் ஆங்கிலத்தினும் நெருங்கி நிற்கிறது. ‘வூ’ போலவே ‘நீங்கள்’ மரியாதை ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானது. ‘புரிந்துகொண்டேன்’ என்னும் இறந்தகால வினையும் விறைப்பின்றி முடிவுற்ற பொருளைத் தருகிறது. ஆங்கிலத்தின் இயல்பைத் தமிழும் சுமக்க வேண்டிய தேவை இல்லை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படுவன: உருவகத் தொடர்களில் நிகரன் ஏற்புடையது, ஆனால் அந்நிகரன் வேற்றரசியலை ஏற்றிவருகிறதா எனச் சோதிக்க வேண்டும். ஆட்சிமுறைக் கருத்துகளில் மூலச்சொல்லும் சுருக்கமான விளக்கமும் இயல்பான நிகரனினும் துல்லியமானவை. வசைச்சொற்களில் கடுமையின் அளவோடு வினையின் பொருளும் காக்கப்பட வேண்டும்; இரண்டும் கூடாதபோது குறிப்புத் தருதல் கடமையாகிறது. ஈரடிப் பொருள் கொண்ட கூற்றுகளில் தெளிவு குற்றமாகும். இயல்பு என்பது வாசகருக்குச் செய்யும் உதவி. அரசியல் கூற்றில் யார் எதற்குப் பொறுப்பு என்பதை அவ்வுதவி மாற்றிவிடும்போது, வாசகர் இழப்பது தமக்குரிய தீர்ப்புரிமையை.