வெட்டப்பட்ட பானட்

பழைய ஜீப்பை ‘புராஜெக்ட்’ என்று வாங்கிப் புதுப்பிக்கும் மோகம் இப்போது பரவியிருக்கிறது. அரசு ஏலத்திலோ தோட்டத்துக் கொட்டகையிலோ கிடைத்த வண்டியை மாதக்கணக்கில் பட்டறையில் போட்டு, இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ஜீப்பைப் போல ராணுவப் பச்சை அடித்து, பானட்டில் வெள்ளை நட்சத்திரம் வரைந்து வெளியே கொண்டுவருகிறார்கள். கண்காட்சிகளில் கூட்டமும் அந்த வண்டியைச் சுற்றித்தான். கேட்டால், “பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்ததை மீட்டோம், பாரம்பரியத்தைக் காப்பாற்றினோம்” என்கிறார்கள். மீட்டது உண்மை. காப்பாற்றியது என்ன என்பதில்தான் எனக்கு வழக்கு.

நன்மைகளை மறுக்கவில்லை. தகரத்தைத் தட்டி வளைக்கிற டிங்கருக்கும், கியர்பாக்ஸ் சத்தத்தை வைத்தே பழுது சொல்கிற மெக்கானிக்குக்கும் இதில் பிழைப்பு இருக்கிறது. மின்னணுச் சிக்கல் எதுவும் இல்லாத, ஸ்பானரால் கடைசி போல்ட்வரை கழற்றக்கூடிய வண்டி என்பதால் வாங்கியவரும் வேலை கற்றுக்கொள்கிறார். பணம் கரைவதும் பாதியில் வேலை நின்றுபோவதும் அவரவர் பாடு.

ஆனால் இங்கே ஓடிய ஜீப்புகளில் மிகப் பெரும்பாலானவை உலகப் போரையே பார்க்காதவை. 1940களின் இறுதியில் மஹிந்திரா, அமெரிக்க நிறுவனமான வில்லிஸின் ஜீப்புகளைப் பம்பாயில் பாகங்கள் பொருத்தித் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு சிஜே-3பி வந்தது. நாம் ‘ஹை பானட்’ என்று சொல்லும் வண்டி அதுதான். 1953இல் வில்லிஸ் அதில் வைத்த ஹரிக்கேன் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைப்பகுதிக்கு ஏறின. எஞ்சின் உயரமானது, அதற்காகப் பானட்டும் உயர்ந்தது. அழகுக்காக யாரும் உயர்த்தவில்லை. அமெரிக்காவில் 1968இல் அதன் தயாரிப்பு நின்ற பிறகும் இங்கே பல்லாண்டுகள் தொடர்ந்தது. அந்த உயர்ந்த முகம் நம் சாலைகளின் முகம்.

புதுப்பிப்பு என்ற பெயரில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். பட்டறைகளில் ‘லோ பானட்’ ஆக்குவது என்பது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஹரியானாவின் மண்டி டப்வாலி இப்படி மாற்றப்பட்ட ஜீப்புகளுக்கே பெயர் பெற்ற ஊர். சிவில் ஜீப்பின் ஏழு பிளவு கிரில்லை எடுத்துவிட்டுப் போர்க்கால ஜீப்பின் ஒன்பது பிளவு கிரில்லைப் பொருத்துகிறார்கள். பல வண்டிகளில் எஞ்சினும் மாறிவிடுகிறது. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியில் அது மட்டும் அங்கேயே நிற்கிறது. அமெரிக்கப் படையின் ஜீப்புக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதை நட்சத்திரம் வரைந்தவர் யோசிப்பதே இல்லை.

அப்படி அழிவது எது? 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது வட்டார வளர்ச்சி அலுவலரைக் கிராமத்துக்குக் கொண்டுபோன வண்டி ஜீப். பி.டி.ஓ. ஜீப் என்றே அதற்குப் பெயர். மலேரியா ஒழிப்பு, குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம், வனத்துறை ரோந்து, ஒலிபெருக்கி கட்டிய தேர்தல் பயணம் எல்லாம் அதில்தான் நடந்தன. வால்பாறையிலும் மூணாறிலும் தேயிலைத் தோட்டங்களின் சுமையை இழுத்ததும் அதுவே. கொழுக்குமலைக்கு இன்றும் ஜீப்தான் ஏறுகிறது. ஒலிபெருக்கி பொருத்திய போல்ட் துளை, தோட்டத்துத் தச்சர் பின்னால் அடித்த பலகை இருக்கை, மேல் பெயிண்டைச் சுரண்டினால் தெரியும் துறையின் பெயர் ஆகியவை அந்த வண்டியின் பணிப் பதிவேடு. மணலைப் பீய்ச்சிப் பெயிண்டை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் ஒரே நாளில் அதை அழித்துவிடுகிறது. அதன்மேல் பட்டி பார்த்துப் புதுப் பெயிண்ட் அடித்ததும், அந்த வண்டி எங்கே உழைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆங்கிலப் போர்ப் படங்கள் ஊட்டிய ஆசைக்கு நம் நாட்டின் ஒரு காலகட்டத்தையே பலி கொடுக்கிறோம். இதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உண்மையான போர்க்கால ஜீப் கிடைத்தவர் நட்சத்திரம் வரையட்டும். அதைக் கண்டறியவும் வழி உண்டு. வில்லிஸ் எம்பியின் முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். ஃபோர்டு தன் போர்க்கால ஜீப்பான ஜிபிடபிள்யூவில் பல போல்ட்களிலும் பாகங்களிலும் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. இதையெல்லாம் தேடிப் படிப்பவரிடம் எனக்குச் சண்டையில்லை. அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர்.

சட்டமும் இந்த ஒப்பனைக்கு எதிராகத்தான் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 121, பாதுகாப்புத் துறை தவிர வேறு யாரும் வண்டிக்கு ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது. தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021இல் வந்த விண்டேஜ் விதி, 50 ஆண்டு கடந்து மூல வடிவிலேயே இருக்கும் வண்டிக்கு ‘விஏ’ எண் தருகிறது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இல்லை. ஆக, கைபடாமல் கிடந்த 1960களின் ஹை பானட் வண்டிக்கு அந்தத் தகுதி உண்டு. செலவழித்து வெட்டிய பிறகு அது போய்விடுகிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டூரின் சாசனமும், வாகனத்தின் வாழ்நாளில் படிந்த வரலாற்றை மதித்துக் காப்பதையே முன்வைக்கிறது.

பழைய ஜீப் வாங்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஒரு மூலையில் பெயிண்டைச் சுரண்டி, கீழே என்ன நிறம், என்ன எழுத்து என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தைப் பிடித்து முதல் உரிமையாளர்வரை தேடிப்போங்கள். ஓட்டிய டிரைவர் உயிரோடு இருந்தால் போய்ப் பேசி எழுதிவையுங்கள். துருவை நிறுத்துங்கள், பிரேக்கைச் சரிசெய்யுங்கள், எஞ்சினை ரீபோர் செய்து ஓட்டுங்கள். பானட்டில் மட்டும் கைவைக்காதீர்கள்.