இரட்சணிய யாத்திரிகத்தில் அருளும் மனித விருப்பும்

கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. ஜான் பன்யனின் உருவகக் கதையைத் (1678) தழுவி 1894-இல் அவர் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் அருட்கோட்பாட்டை வைணவச் சரணாகதியின் மறுவடிவமாகக் கொள்வது எளிது. சொல்லளவில் பொருந்தும் இம்முடிவு பொருளளவில் மறு ஆய்வுக்குரியது.

தாயைத் தானே பற்றும் குரங்குக்குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் உவமை காட்டுவர். மனித முயற்சிக்கு இடமுண்டா என்னும் இதே வினாவே அகுஸ்தீனையும் பெலாகியுசையும் எதிரெதிர் நிறுத்தியது. 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுசின் கொள்கையை மறுத்தது. வினா ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. வைணவத்தில் வினைத்தொடர் அநாதி. சைவ சித்தாந்தத்தில் ஆணவமும் அநாதி. கிறித்தவத்தில் சென்மப் பாவத்திற்குத் தொடக்கம் உண்டு. நல்லதாகப் படைக்கப்பட்ட மனிதன் தன் விருப்பால் ஆணையை மீறியதே அது. எனவே, கிறித்தவம் கூறும் கிருபை குற்றத்தை மன்னிக்கவும், குலைந்த விருப்பையே திருத்தவும் வேண்டியதாகிறது.

பன்யனின் பயணி வாயிலைத் தட்டுகிறான். உள்ளிருப்பவர் அவனைக் கைப்பற்றி உள்ளே இழுக்கிறார். சுவரோரத்து நெருப்பை அணைக்க ஒருவன் நீர் ஊற்ற, சுவரின் பின்புறம் மறைந்து நின்று கிறிஸ்து எண்ணெய் வார்க்கிறார். தட்டும் கையும் மறைவில் வார்க்கப்படும் எண்ணெயும் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

இவ்விணைப்பைக் கிருஷ்ண பிள்ளை இரு வகையில் ஆழப்படுத்துகிறார். பன்யன் தனியே விரித்துரைக்காத கிறிஸ்துவின் பாடுகளை இரட்சணிய சரிதப் படலமாக விரிக்கிறார். அதனால் அருள், கோட்பாடாக நில்லாது, வரலாற்றில் நிகழ்ந்த செயலாகிறது. அடுத்து, காப்பியத்தினுள் தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களை அமைக்கிறார். தேவாரப் பாடலின் இயல்பு இரத்தல். இரப்பவன் தகுதி கோருவதில்லை. எனினும் இரத்தல் விருப்பின் செயலே. தருக்கம் இரு துருவங்களாகப் பிரித்ததைப் பாடல் ஒரே குரலில் சேர்க்கிறது.

பக்தி மரபு கவிஞருக்கு அளித்தது இரத்தலின் மொழி. அம்மொழியில் அவர் ஏற்றிய பொருளோ, தொடக்கமுடைய குற்றமும் அதற்கான மன்னிப்பும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாத ஒப்பாய்வு, இரு சமயங்களுக்கும் ஒருசேர நீதி செய்யத் தவறும்.