நயினையின் நாகமும் மணிபல்லவத்துப் பீடிகையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிடை விளங்குந் தீவுகளுள் அளவிற் சிறியதாயினும் புகழிற் பெரியது நயினாதீவு. ஆனித் திங்கட் பெருவிழாக் காலத்தே புங்குடுதீவைச் சார்ந்த குறிகட்டுவான் துறையிற் படகேறி அடியார் பல்லாயிரவர் அங்குச் செல்வர். அவர் வழிபடுந் தெய்வம் ஸ்ரீ நாகபூஷணி அம்மை. அதே தீவிலே, நடந்து செல்லுந் தொலைவில், நாகவிகாரை என்னும் பௌத்தப் பள்ளியும் உண்டு. தென்னிலங்கை யாத்திரிகர் அதனை நாடி வருவர். சைவர் இத்தீவை மணிமேகலை கூறும் மணிபல்லவம் என்பர்; பௌத்தர் இதனை மகாவம்சங் கூறும் நாகதீபம் என்பர். இவ்விரு கூற்றும் எத்துணை உறுதியுடையன என்பதும், தலக்கதையின் உட்கிடை யாது என்பதும் ஆராய்தற்குரியன.

முதற்கண் தலக்கதையை நோக்குவாம். அயலதாகிய புளியந்தீவினின்று நாகமொன்று நாடோறும் வாயிற் பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி வந்து அம்மையை வழிபட்டது. ஒருநாட் கருடன் அதனைக் கண்டு கொல்லக் கருதி ஒரு கல்லின்மேல் அமர்ந்தது. அஞ்சிய நாகம் மற்றொரு கல்லைச் சுற்றிக்கொண்டது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகனான மாநாய்கன் இவ்விரண்டினையுங் கண்டு, நாகத்தை விடுமாறு கருடனை இரந்தான். அவன் தன் பொருளனைத்தையும் அம்மைக்குக் கோயிலெடுக்க ஈவானாயின் விடுவதாகக் கருடன் உரைத்தது. வணிகன் உடன்பட்டான். கருடன் தன் பிழை தீரக் கடலில் மும்முறை மூழ்கிச் சென்றது. கருடன் கல், பாம்பு சுற்றிய கல் எனக் கடலோரத்தே இன்றுங் காட்டப்படுவன இக்கதையின் அடையாளங்கள்.

இக்கதையின் வேர் இதிகாசத்தே உளது. கத்துரு, விநதை என்னும் உடன்பிறந்தார் இருவருள் முன்னவள் நாகங்களின் தாய். பின்னவள் கருடனின் தாய். பந்தயத்தில் வஞ்சனையாற் தோற்று விநதை அடிமையாயினாள். கருடன் அமுதங் கொணர்ந்து தாயை மீட்டான். நாகங்களைத் தனக்கு இரையாக இந்திரனிடம் வரமும் பெற்றான். மகாபாரதம் ஆதிபருவங் கூறும் இப்பகை என்றுந் தீராப் பகையாகவே புராணங்களிற் தொடர்கின்றது. ஆயினும் இறைவன் திருமுன் அது அடங்கும் என்பது இந்து சமயக் கொள்கை. திருமால் அரவணையிற் துயின்று கருடன்மேற் செல்கின்றார். சிவபெருமானோ நஞ்சுடைய நாகத்தை அணியாகப் பூண்டவர். நாகத்தைப் பூணாக உடையவள் என்னும் நாகபூஷணி என்ற திருநாமம் இக்கொள்கையையே சுட்டுகின்றது. இதிகாசம் விட்ட பகையைத் தீர்த்து வைப்பதே நயினைக் கதையின் சிறப்பு.

இனி, நூல்கள் கூறுவன வருமாறு. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், நாகநாட்டரசர் இருவர் மணிபல்லவத்துப் பீடிகையொன்றின் பொருட்டுப் பொருதனர். புத்தர் தோன்றி அது தமக்குரியதெனக் கூறி அமர்ந்து அறமுரைத்துப் போரை விலக்கினார். மகாவம்சத்தில் அவ்வரசர் மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருகனுமாவர், பொருளும் மணி ஆசனமே, களம் நாகதீபம். இரண்டும் ஒரு பழங்கதையின் இரு கிளைகள் என்பதில் ஐயமில்லை.

ஆயின், கதை ஒன்றாதலால் இடமும் ஒன்றாகி விடுமோ? ஆகாது. மகாவம்சத்து நாகதீபம் நாகர் கோடிக்கணக்கிற் செறிந்த நாடு. மணிமேகலையின் மணிபல்லவமோ மக்களற்ற தனித்தீவு. ஆபுத்திரன் கதையே இதற்குச் சான்று. அவன் கப்பலினின்று அத்தீவில் இறங்க, கலம் அவனை விட்டுச் சென்றது. அமுதசுரபி கையிலிருந்தும் உண்பாரைக் காணாது வருந்தி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். உண்பாருள்ள ஊராயின் இக்கதைக்கே இடமில்லை. மேலும், சாத்தனார் நாகநாட்டையும் மணிபல்லவத்தையும் வேறுவேறாகவே கூறுகின்றார். காவிரிப்பூம்பட்டினத்தினின்று தெற்கே முப்பது யோசனை என அவர் குறிப்பதுகொண்டும் துணிதல் அரிது. யோசனையின் அளவு நூலுக்கு நூல் வேறுபடும்.

நாகதீபத்தின் எல்லையும் இவ்வாறே. 1936ஆம் ஆண்டு வல்லிபுரத்திற் கிடைத்த பொற்சாசனம், வசப மன்னன் காலத்தே நாகதீவத்தை ஓர் அமைச்சன் ஆண்டான் என்கின்றது. அமைச்சன் ஆளத்தக்க நிலப்பரப்பு சிறு தீவு அன்று. குடாநாடு முழுவதையுங் குறித்த பெயராதல் வேண்டும். எனவே நாகதீபம் நயினாதீவே என்னும் கூற்றுக்கும் உறுதி குறைவே. முதலியார் செ. இராசநாயகம் முதலானோர் மணிபல்லவத்தை யாழ்ப்பாணப் பகுதியோடு இணைத்து ஆராய்ந்தமை போற்றத்தக்கது. ஆயினும் அவர் கருத்தை ஐயமின்றி நிறுவும் சான்று கிடைத்திலது.

கல்லிற் பொறித்த சான்று ஒன்று நயினாதீவிற்கு உண்டு. அது முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டினது. கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டு இதனைப் பதிப்பித்தார். பரதேசிகள் ஊராத்துறையில், அஃதாவது ஊர்காவற்றுறையில், வந்திறங்குதல் வேண்டும் என்றும், அவர்க்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அது கூறும். யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நாலிலொன்று அரசனுக்கும் முக்கால் உடையவனுக்கும் ஆகும். வாணிகப் பண்டங் கொணர்ந்த கலமாயின் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. சிங்கள மன்னன் ஒருவன் தமிழிலே ஆணை பொறித்தமை கருதத்தக்கது. வணிகரும் கலங்களும் இக்கடலின் உயிர்நாடி என்பதையும் அது காட்டுகின்றது. தலக்கதையில் வணிகனும், மணிமேகலையிற் பீலிவளையின் மகவை ஏற்றிச் சென்ற கம்பளச் செட்டியின் கலம் உடைந்த நிகழ்ச்சியும் இடம்பெறுவதற்குக் காரணம் இதனாற் புலனாகும். எனினும், கண்ணகியின் தந்தை பெயரும் மாநாய்கன் என்பதாற் சிலப்பதிகாரத்து வணிகனே கோயிலெடுத்தவன் எனத் துணிவார் கூற்று ஏற்கற்பாலதன்று. கடல் வணிகர்க்கெல்லாம் பொருந்தும் அச்சொல்லைக் கதை தனக்கென எடுத்துக்கொண்டது எனலே அமையும்.

இவ்வாறு கூறுவதாற் தலத்தின் பெருமை குன்றுமோ? குன்றாது. போர்த்துக்கேயர் இடித்த கோயில் 1788ஆம் ஆண்டு மீண்டும் எழுந்தது. 1958இலும் 1986இலும் ஊறுபட்டும் மறுபடி எழுந்தது. இதற்கு அடியாரின் அன்பு காரணமாயிற்றேயன்றி, பெயராராய்ச்சி காரணமன்று. மணிபல்லவம் என்னும் பெயர் இன்றேல் அம்மைக்குக் குறையொன்றும் இல்லை. அப்பெயரை வாதத்தின் வலிமையால் நாட்ட முயல்வார் ஒன்றை மறக்கின்றனர்: மணிமேகலை பௌத்த காப்பியம். அதனைச் சான்றாகக் காட்டுவோர் அதன் சமயத்திற்கும் அங்கு இடங்கொடுத்தே ஆதல் வேண்டும். அவ்வாறே, மகாவம்சத்தைக் காட்டித் தீவு முழுவதும் தமதே என்பாரும் அக்கதை முடிந்த வகையை மறக்கின்றனர். ஆசனம் எமது என்று பொருத இருவருள் ஒருவருக்கும் அது கிடைத்திலது.

மூன்று கதைகளையும் ஒப்பிடின் இவ்வுண்மை தெளிவாகும். மூன்றிலும் பகை உண்டு. மூன்றிலும் இடைநின்று பகை தீர்ப்பார் உண்டு. நூல்களிரண்டிலும் அவர் புத்தர். தலக்கதையிலோ அவன் வழிப்போக்கனாகிய வணிகன். தவமும் அருளாற்றலும் இல்லாத எளியன். தனக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாத பகையைத் தீர்க்கத் தன் பொருள் அனைத்தையும் கொடுத்தான். பிறர் பகையைத் தீர்ப்பார் இழப்பை ஏற்க வேண்டும் என்னும் அறத்தை இத்துணைத் தெளிவாகக் கூறியமையால், இச்சிறு தலக்கதை பெருநூல்கள் இரண்டினோடும் ஒருங்குவைத்து எண்ணத்தக்கது.

நயினையில் அடியார்க்குச் சோறிடும் மடத்தின் பெயர் அமுதசுரபி. பௌத்த காப்பியத்துப் பாத்திரத்தின் பெயரைச் சைவர் தம் அன்னசாலைக்கு இட்டு, வருவார் யாவர்க்கும் உணவளிக்கின்றனர். உண்பாரின்றி ஆபுத்திரன் உயிர்விட்டது இத்தீவிலோ பிறிதொரு தீவிலோ, அறிஞர் ஆராய்க. உண்பார்க்கு இடுதல் என்னும் அவன் அறம் இத்தீவில் நிலவுகின்றது என்பதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை.