கற்பிக்க வருவோரும் கற்பித்தபின் எஞ்சுவதும்

சிவப்பணுக்களில் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் ஹீமோகுளோபின் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறிவிடுவதால் உண்டாவது அரிவாள் செல் நோய். வளைந்து விறைத்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைப்பதால், கடும் வலியும் கிருமித்தொற்றும் பக்கவாதமும் நோயுற்ற குழந்தையைச் சிறு வயதிலேயே சூழ்கின்றன. இந்நோயுடன் பிறப்போரில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பிறக்க, நிபுணர்களோ பெரிதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரண்டிருக்கின்றனர். அந்த இடைவெளியைக் குறைக்கவே, மருத்துவர்களும் செவிலியரும் ஊதியமின்றிச் சில வாரங்கள் சென்று கற்பித்துத் திரும்பும் வழக்கம் வளர்ந்தது.

உயிர் காக்கும் அறிவில் ஒரு பகுதி மிக மலிவானது என்பதே இவ்வழக்கத்துக்குள்ள வலுவான நியாயம். குழந்தையின் இரத்தம் திடீரென மண்ணீரலில் தேங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் பிரியக்கூடும். ஜமைக்காவில் கிரகாம் சர்ஜன்ட் தலைமையிலான குழு, இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தது. அதன்பின் வீக்கம் முன்கூட்டியே கண்டறியப்பட்ட குழந்தைகள் பெருகினர். இறப்பு விகிதம் பெருமளவு சரிந்தது. கருவியோ மருந்தோ வேண்டாத பாடம் அது. ஆனால் சர்ஜன்ட் வந்து போனவர் அல்லர். பல பத்தாண்டுகள் அத்தீவிலேயே வாழ்ந்து, நோயுடன் பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர். இரண்டு வாரப் பயணத்துக்கு அவருடைய வெற்றியைச் சான்றாகக் காட்ட முடியாது.

வருபவர் தம் மருத்துவமனையின் நெறிமுறையை எவ்விடத்துக்கும் பொருந்துவதாகக் கருதிவிடுவதே இவ்வழக்கத்தின் பெருங்குறை. காய்ச்சலோடு அதிர்ச்சி நிலைக்குச் செல்லும் குழந்தைக்கு நரம்பு வழியே விரைந்து திரவம் ஏற்றுவது செல்வ நாடுகளில் ஐயமின்றிப் பின்பற்றப்பட்ட சிகிச்சை. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வு, அவ்வாறு திரவம் ஏற்றப்பட்டவர்களே அதிகம் இறந்ததைக் காட்டியது. அது அரிவாள் செல் நோய்க்கெனச் செய்யப்பட்ட ஆய்வன்று என்றாலும், கற்பிக்கப் புறப்படும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டியது. சிவப்பணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1998இலேயே ஒப்புதல் கிடைத்திருந்தும், மலேரியா மிகுந்த பகுதிகளில் அது தீங்கு செய்யுமோ என்ற நியாயமான அச்சம் நீடித்தது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகியவற்றில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வலியும் இறப்பும் மட்டுமன்றி மலேரியாவும் குறைந்தது தெரிந்த பிறகே அந்த அச்சம் தணிந்தது. எத்தனை விரிவுரைகளாலும் அதைத் தணித்திருக்க முடியாது.

நைஜீரியாவின் கானோ நகரில் நடந்த முயற்சி இவ்வகையில் மேலானது. குழந்தையின் நெற்றிப்பொட்டில் டாப்ளர் கருவியை வைத்து, மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் வேகத்தை அளக்கும்போது அது வினாடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டினால் பக்கவாத ஆபத்து மிகுதி. அமெரிக்காவில் அத்தகைய குழந்தைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றுவார்கள். அவ்வளவு பாதுகாப்பான இரத்தம் கானோவில் கிடைப்பது அரிது என்பதால், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டிபானும் நைஜீரிய மருத்துவர்களும் ஹைட்ராக்ஸியூரியாவையே தடுப்பாகப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். உள்ளூர் மருத்துவர்களே டாப்ளர் பார்க்கப் பயிற்சி பெற்றனர். பயிற்சியும் மருந்தும் ஆய்வும் ஒருசேர நிகழ்ந்ததால், கற்றவர் மறுநாளே அதைச் செய்ய முடிந்தது. மருந்துக்கு வழியில்லாத வார்டில் அதே பயிற்சியை அளித்தால், ஆபத்தைக் கண்டறிந்து கையைப் பிசைந்து நிற்கும் மருத்துவரைத்தான் உருவாக்க முடியும்.

விருந்தினரை ஏற்கும் மருத்துவமனை செலுத்தும் விலையும் சிறிதன்று. நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, வார்டின் மூத்த மருத்துவர் வந்தவருக்குத் துணையாக நடக்கிறார். அடுத்த குழுவுக்கு முந்தைய குழு எதைக் கற்பித்தது என்று தெரியாவிட்டால் பாடம் மீண்டும் அகரத்திலிருந்தே தொடங்குகிறது. ஒரே ஆசிரியர் ஆண்டுதோறும் திரும்பி வருவதும், பாடத்தை உள்ளூர் மருத்துவர்களே தேர்ந்தெடுப்பதும் இச்சுமையைப் பெரிதும் குறைக்கும். அனுப்பும் அமைப்புகளும் எத்தனை பேரை அனுப்பினோம் என்ற கணக்கோடு நின்றுவிடாமல், ஓராண்டுக்குப் பின் அவ்வார்டில் எத்தனை குழந்தைகளுக்கு டாப்ளர் பார்க்கப்பட்டது, எத்தனை பேருக்கு ஹைட்ராக்ஸியூரியா தடையின்றிக் கிடைத்தது என்பதை அம்மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து கேட்டறிய வேண்டும்.