கருணாகரனைக் கப்பலேற்றியவர்

திண்டுக்கல்லில் கடல் ஏது? எனக்குக் கடலைக் காட்டியதே சாண்டில்யனின் 'கடல் புறா'தான். குமுதத்திலிருந்து கிழித்துத் தைத்த மாமாவின் பிரதி. அவருக்கு அது கதையில்லை, "சரித்திரம்டா!"

உதவி கேட்டு வந்த மன்னனுக்காகக் கடாரத்தை வென்று கொடுத்ததாக வீரராஜேந்திரன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கலிங்கத்துப்பரணியின் கருணாகரத் தொண்டைமானோ தரைப்படையோடு போய்க் கலிங்கத்தை அழித்தவன். இரண்டையும் முடிச்சுப் போட்டு அவனைக் கப்பலேற்றியது சாண்டில்யன். நாவலாசிரியனுக்கு அந்த உரிமை உண்டு. பாய், காற்று, போர்த்தந்திரம் என்று வந்தால் மனுஷன் பின்னுகிறார். காஞ்சனாதேவியோ மஞ்சளழகியோ வந்தால் மட்டும் வர்ணனையில் கப்பல் தரைதட்டிவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஊர்களைக் கொளுத்தியவன் இங்கே வெறும் காதலன். மாமாவிடம் பரணியைச் சொன்னேன்.

"அது வேற கருணாகரனா இருக்கும்" என்றார்.