நகர்தல் பற்றிச் சில குறிப்புகள்

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடையுருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் பேசுவதற்குச் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். வாசகன் ஒரு பிரதியைத் திருத்திக்கொண்டே வாசிப்பது வேறெங்கும் இவ்வளவு பகிரங்கமாக நடப்பதில்லை. அச்சிலுள்ள விதியை ஒதுக்கிவிட்டு ஒரு குழு தனக்கென்று வகுத்துக்கொள்வதை ‘வீட்டு விதி’ என்கிறார்கள். என் வரையில் அது விமர்சனம்தான்.

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அதில் பாத்திரங்களின் நடை அங்குலத்தில் அளக்கப்பட்டது. நிலவறைக்குள் ஓர் அங்குலம் 10 அடி. வெளியில் 10 கஜம். கற்பனை வெளிக்குள் அடிக்கோல் அன்றே நுழைந்துவிட்டது. பின்னால் அது 5 அடிச் சதுரக் கட்டங்களாக இறுகியது.

சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளம் என்பது பள்ளிப் பையனுக்கும் தெரியும். 2003ன் திருத்திய பதிப்பு, மூலைவாட்டில் வைக்கும் முதல் கட்டத்தை 5 அடி, அடுத்ததை 10 அடி என்று மாறிமாறி எண்ணியது. 2008ன் நாலாம் பதிப்பு எத்திசையிலும் ஒரு கட்டம் ஒரு கட்டமே என்றது. அதன்படி 30 அடி நடக்கக்கூடியவன் மூலைவாட்டில் 42 அடி கடந்துவிடுவான். நகர்தல் பற்றிய வீட்டு விதிகளில் ஒரு வகை இந்தக் கணக்கைச் சரிசெய்ய முனைபவை. பகலெல்லாம் பேரேட்டுக் கட்டங்களில் கண் ஓட்டும் வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இவற்றில் ஓர் அற்ப திருப்தி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோளாறு தூரத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

2014ன் ஐந்தாம் பதிப்பில் சண்டையின் ஒரு சுற்று ஏறத்தாழ 6 வினாடி. அது எல்லோருக்கும் பொதுவான 6 வினாடி. இருந்தும், முறை வந்தவன் ஓடி வெட்டி முடிக்கும்வரை மற்றவர்கள் பெரும்பாலும் சிலைகள். எதிரியின் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு விலகினால் அவனுக்கு ஒரு வெட்டு இனாம். அதைத் தவிர்க்க, தன் செயலையே செலவிட்டாக வேண்டும். ஆகவே நின்ற இடத்தில் நின்று வெட்டிக்கொள்வதே பல சமயம் லாபம். நகர்தலுக்கென்று எழுதிய விதி நகராமையைப் போதிக்கிறது. பயம் கூட்டல் கழித்தலாகிவிடுகிறது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு வீட்டு விதி வைத்தோம். சுற்றின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தாம் செய்யப்போவதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நகர்தல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில். முற்றிலும் புதிய யோசனை என்று சொல்ல முடியாது. 1989ன் இரண்டாம் பதிப்பிலும் முதலில் எண்ணத்தை அறிவித்துவிட்டுத்தான் பகடை.

ஒரு சுற்றில் எங்கள் தோழன் அடிபட்டு விழுந்துகிடந்தான். அவனை நான் இழுத்து வருவேன் என்று நண்பர் நினைத்தார். அவர் இழுத்து வருவார் என்று நான் நினைத்தேன். திருப்பியபோது இரண்டு காகிதத்திலும் ‘வாசல்’ என்றிருந்தது. அச்சிலுள்ள விதிப்படி ஆடியிருந்தால் முதலில் ஓடியவரைப் பார்த்து இரண்டாமவர் மனம் மாறியிருப்பார். தியாகி என்றும் பேர் வாங்கியிருப்பார். அந்தச் சௌகரியம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தோழன் செத்தான். அவனை ஆடியவர் வெகுநேரம் பேசவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த விதி ஆட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. சதுரங்கம் போல் யோசித்து ஆட விரும்புகிறவர்களுக்கு எரிச்சலூட்டுகிறது. இந்தக் குறைகள் உண்மையே. எனினும் ஒரு விதி யதார்த்தத்துக்கு எத்தனை அருகில் இருக்கிறது என்று மட்டும் கேட்பது, நாவலில் தெருப் பெயர் சரியா என்று பார்ப்பது போன்ற வேலை. அவ்விதியின் கீழ் ஒருவன் எடுக்கும் முடிவு அவனுடையதாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வாசலுக்கு ஓடியது நான்தான். கட்டங்கள் என்னை ஓட்டவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பர் புதுப் பாத்திரம் ஒன்றுடன் வந்தார். விதியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.