கேட்காதவர்கள் முன் வாசிப்பது

ஜாஸ் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் அது இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. ஒன்று, இசைத்தட்டுக்களின் மேல் பக்தி. இல்லாவிட்டால், அதற்கும் கர்நாடக ஸங்கீதத்துக்கும் கலியாணம் செய்துவைக்கும் ஆசை. இரண்டாவது வகையில் நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஸாக்ஸஃபோன் கலைஞர், பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடும் ராமமணியின் குரலோடும் சேர்ந்து வாசித்து 1983இல் வெளிவந்த 'ஜ்யோதி' ஒன்று போதும். ஆனால் நான் பேச விரும்புவது வேறு. வாரத்தில் ஒரு நாள், ஒரே பப்பில், அதே நாலு பேர், பெரும்பாலும் அதே பாட்டுக்களை வாசிக்கிறார்களே, அதைப் பற்றி. இதைக் கலை என்று நம்மில் பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஏன் என்பதுதான் என் விஷயம்.

நாட்றாம்பாளையத்திலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று போய் எல்லையைத் தாண்டினால்தான் எனக்கு இந்த இசை. இந்தப் பக்கம், 2003லிருந்து சில்லறை மது வியாபாரம் டாஸ்மாக்கிடம் இருக்கிறது. அங்கே குடி என்பது சீக்கிரம் முடிக்கவேண்டிய ஒரு வேலை. அதில் இசைக்கு இடம் கிடையாது. அந்தப் பக்கமும் சொர்க்கம் இல்லை. பெங்களூரில் 'லைவ் பேண்ட்' என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பெண்களை ஆடவிடும் மதுக்கூடம்தான். காபரே, டிஸ்கோ, லைவ் பேண்ட் எல்லாவற்றுக்கும் போலீஸ் லைசென்ஸ் வேண்டும் என்று 2005இல் ஓர் ஆணை வந்தது. 2018இல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. சட்டத்தின் கண்ணில் ஸாக்ஸஃபோனும் காபரேயும் ஒரே இனம். இதில் எனக்குப் புகார் இல்லை. ஜாஸ் வளர்ந்த நியூ ஆர்லியன்ஸில், 1917இல் மூடப்படும்வரை, ஸ்டோரிவில் என்ற தாசித்தெருவும் அந்த வாத்தியக்காரர்களுக்குப் பிழைப்புத் தந்த இடங்களில் ஒன்று. சட்டம் தன்னை அறியாமலே சரித்திரத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

ஒயிட்ஃபீல்டில் 2012இல் திறந்த விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வர்க்ஸ் போல, பீர் அண்டாக்களோடு புத்தக அலமாரியும் ஜாஸுக்கென்று மேடையும் அமைத்த இடங்கள் உண்டு. நான் சொல்வது அதைவிடச் சிறிய அறைகளை. பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ், ஸாக்ஸஃபோன். ஒரு மேஜையில் பிறந்தநாள். இன்னொன்றில் சம்பள உயர்வு பற்றிப் பேச்சு. சுவரில் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடும் கிரிக்கெட். பாட்டின் அமைப்பு எளிமையானது: நாலு எண்ணிக்கை கொண்ட 32 சுற்று. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு அதே 32 சுற்றின் ஸ்வரக் கூட்டுக்களின் மேல் ஒவ்வொருவராகத் தம் கற்பனையை வாசிப்பார்கள். பல்லவியை வைத்துக்கொண்டு நிரவல் செய்பவரைக் கேட்டவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ஒரு ராத்திரி ஸாக்ஸஃபோன்காரர் எட்டாவது சுற்றில் முடியவேண்டிய வாக்கியத்தை முடிக்காமல் ஒன்பதாவதின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அறையில் ஒருவரும் திரும்பவில்லை. டிரம்மர் மட்டும் சிரித்தார். அடுத்த சுற்றில் தன் அடியை அதே இடத்தில் தள்ளிப் போட்டு அதற்குப் பதில் சொன்னார். அன்றைக்கு நடந்த விமர்சனம் அதுதான். அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் அதிகம் படித்ததில்லை.

வாராவாரம் என்பது இங்கே முக்கியம். ஹார்லெமில் 1938இல் திறந்த மின்டன்ஸ் என்ற சாப்பாட்டு விடுதியில், 1940க்குப் பின் கென்னி கிளார்க்கும் தெலோனியஸ் மங்க்கும் நிலையத்துக் குழுவாக இருந்து ராத்திரிக்கு ராத்திரி வாசித்ததில் பீபாப் பிறந்தது. ஒரு பெரிய கச்சேரியில் அல்ல. வில்லேஜ் வான்கார்ட் என்ற நியூயார்க் நிலவறையில் தேட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966 ஃபிப்ரவரியில் ஆரம்பித்த திங்கட்கிழமை ராத்திரி, இருவரும் போன பிறகும் நடந்துகொண்டிருக்கிறது. கச்சேரியில் கலைஞன் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை நிரூபிக்கிறான். வாராந்திர ராத்திரியில் தெரியாததை முயன்று தோற்க அவனுக்கு இடம் இருக்கிறது, ஏனென்றால் அடுத்த வாரமும் உண்டு.

அதே வான்கார்டில் 1961 ஜூன் 25 அன்று பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்தது பதிவாகியிருக்கிறது. மிக மென்மையான இசை. கூர்ந்து கேட்டால் கிளாஸ்கள் உரசுவதும் பேச்சும் சிரிப்பும் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினொரு நாளில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்த மேஜைகளில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குத் தாங்கள் எதன் முன்னால் பேசுகிறோம் என்று தெரியாது. இதற்கு நேர் எதிர் சார்ல்ஸ் மிங்கஸ். 1960இல் ஆளில்லாத ஸ்டுடியோவில் ஒரு தட்டைப் பதிவு செய்தபோது, இல்லாத கூட்டத்தைப் பார்த்து, கைதட்டாதீர்கள், கிளாஸில் ஐஸைக் குலுக்காதீர்கள் என்று அறிவித்துவிட்டு வாசித்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தக் கோபத்தைச் சொல்லவே அவருக்கு ஒரு கற்பனைப் பப் தேவைப்பட்டிருக்கிறது!

எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கூத்தில் இது புதிதல்ல. விடியவிடிய ஆட்டம். குழந்தைகள் தூங்கும், பெரியவர்கள் டீக்குப் போய் வருவார்கள், துரியோதனன் விழும்போது எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். நடுச்சாமத்தில் பாதிக் கூட்டம் தூங்குகிறதே என்று கூத்தாடி தன் அடவைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆனால் கூத்தில் அம்மன் பார்க்கிறாள் என்ற சமாதானம் உண்டு. பப்பில் அதுவும் இல்லை. அங்கே கேட்பதற்கு மிஞ்சியிருப்பது கூட வாசிப்பவர்கள் மட்டுமே.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நாமும் ஒரு சின்ன வட்டம்தான். நமக்குள் எழுதி, நமக்குள் படித்து, நமக்குள் சண்டையிடுகிறோம். ஆனால் நாம் முதலில் செய்தது தகுதியுள்ள வாசகன் வரட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. அந்த நால்வரும் கதவைச் சாத்தவில்லை. தங்கள் கறாரைத் தளர்த்தவுமில்லை. இரண்டும் ஒருசேர நடக்க முடியும் என்பதை நம் விமர்சனம் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஜனரஞ்சகம், தீவிரம் என்று இரண்டே அறைகள் கட்டினோம். மூன்றாவது அறையில், யாரும் கேட்காவிட்டாலும், யாரும் கேட்கக்கூடும் என்ற நிலையில் வாசிக்கிறார்கள்.

இதை நான் லட்சியமாக்கவில்லை. பல வாரங்கள் வாசிப்பு சுரத்தில்லாமல் போகும். பழகிய விரல் பழகிய இடத்துக்கே ஓடும். கதவு திறந்திருக்கிறது என்றேன், அதுவும் பாதி உண்மை. ஒரு கிளாஸ் பீரின் விலை எங்கள் ஊர்க் கூலிக்காரருக்கு அரைநாள் உழைப்பாவது ஆகும். எங்கள் பக்கத்துப் பையன்கள் அந்த அறைகளுக்குள் இருக்கிறார்கள், ஆனால் மேஜையில் அல்ல; சமையலறையிலும் வாசல் காவலிலும். கறுப்புத் தொழிலாளிகளின் இசைக்கு இந்த ஊரில் நேர்ந்த கதி இது. ஆனால் வாசலில் நிற்பவனுக்கும் சத்தம் கேட்கிறது. அவன் அதை வாராவாரம் கேட்கிறான், காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவனைவிட அதிக வாரங்கள். அவனுக்கு அதில் என்ன கேட்கிறது என்று விசாரிக்க நம்மிடம் இன்னும் ஒரு விமர்சன மொழி உருவாகவில்லை.